ஆய்வகம் எட்டாத ஊர்களில் எச்.ஐ.வி.யை அளந்த வரலாறு

எச்.ஐ.வி. தொற்றியவரின் உடம்பில் நோய் வெளிப்படப் பெரும்பாலும் எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலமும் அவர் வேலைக்குப் போவார், குடும்பம் நடத்துவார். பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. உள்ளே மட்டும் எதிர்ப்பாற்றல் சிறுகச் சிறுகக் குறைந்துவரும். மருந்தை எப்போது தொடங்குவது, தொடங்கிய மருந்து வேலை செய்கிறதா என்பதை அறிய இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று, ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் உள்ள சிடி4 வெள்ளையணுக்களின் எண்ணிக்கை. மற்றொன்று, ஒரு மில்லிலிட்டர் ரத்தநீரில் உள்ள வைரஸ்களின் எண்ணிக்கை. மருத்துவமனைகளில் இதை வைரல் லோடு என்பார்கள். இரண்டும் அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வகங்களில் உருவானவை. நோயாளிகளில் பெரும்பகுதியினரோ சகாராவுக்குத் தெற்கே, மின்சாரம் நிலையாக இல்லாத, ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள் பயணம் போகவேண்டிய ஊர்களில் இருந்தார்கள். அந்த இடைவெளியை அடைக்க நாற்பது ஆண்டுகளாக நடந்த முயற்சிகளில் சில வென்றன, சில தோற்றன. சில தாமதமாக வந்ததால் உயிர்கள் போயின.

முதல் முயற்சியில் கருவி எதுவும் இல்லை. 1985 அக்டோபரில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கியில் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு கூட்டம் நடத்தியது. ஆய்வகமே இல்லாத மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளியை எப்படி அடையாளம் காண்பது என்பதே அங்கு எழுந்த கேள்வி. உடல் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் இழப்பு, ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, ஒரு மாதத்துக்கு மேல் விடாத காய்ச்சல் ஆகியவை பெரிய அறிகுறிகள் என வகுக்கப்பட்டன. விடாத இருமல், உடம்பெங்கும் அரிப்பு, அக்கி, வாயில் வெண்படலம், பல இடங்களில் நெறிகட்டுதல் முதலியவை சிறிய அறிகுறிகள். பெரியவற்றில் இரண்டும் சிறியவற்றில் ஒன்றும் இருந்து, புற்றுநோய், கடும் ஊட்டக்குறைவு போன்ற வேறு காரணம் இல்லையென்றால் எய்ட்ஸ் எனக் கொள்ளலாம். நோயாளிகளைக் கணக்கெடுக்கவே இந்த வரையறை எழுதப்பட்டது. தனி ஒருவரின் சிகிச்சையை முடிவு செய்ய அன்று. காசநோய் மலிந்த நாட்டில் எடை இழப்பும் காய்ச்சலும் இருமலும் காசநோய்க்கும் உரியவை என்பதால் பிழை நேரவே செய்தது. ஆனாலும் எடைத் தராசும் பயிற்சி பெற்ற கண்ணும் இருந்தால் போதும் என்ற எண்ணம் அங்கேதான் வேரூன்றியது.

1990இல் அதே நிறுவனம் நோயின் போக்கை நான்கு படிநிலைகளாகப் பிரித்தது. அறிகுறி ஏதும் இல்லாதது முதல் நிலை. லேசான எடை இழப்பும் அக்கியும் இரண்டாவது. நுரையீரல் காசநோயும் வாய் வெண்படலமும் மூன்றாவது. படுத்த படுக்கையாக்கும் கொடிய தொற்றுகள் நான்காவது. செவிலியரும் துணை மருத்துவரும் கையாளக்கூடிய அளவுக்கு இது எளிதாக இருந்தது. இதன் குறை வேறிடத்தில் இருந்தது. உடம்பு அறிகுறி காட்டும்போது எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே வெகுவாகச் சரிந்திருக்கும். முதல் நிலையில் இருப்பவர் எனக் குறிக்கப்பட்ட பலரின் ரத்தத்தை எண்ணிப் பார்த்தால் அணுக்கள் ஆபத்தான எல்லைக்குக் கீழே போயிருந்தன. செலவில்லாத அளவுகோலுக்கு நோயாளி தம் காலத்தைக் கொடுத்தார்.

அணுக்களை எண்ணும் வழி எச்.ஐ.வி.க்கு முன்பே பிறந்துவிட்டது. 1968இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் வொல்ஃப்காங் கோடே, ஒளிரும் சாயம் ஏற்றிய அணுக்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு அளக்கும் கருவியை உருவாக்கினார். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டின் லெனார்ட் ஹெர்சன்பர்க் குழு அதே காலத்தில் அணுக்களைப் பிரித்தெடுக்கவும் வல்ல கருவியை வளர்த்தது. 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே இலக்கை மட்டும் பற்றும் எதிர்ப்புரதங்களைத் தயாரிக்கும் முறையைக் கண்டார்கள். கருவியும் எதிர்ப்புரதமும் சேர்ந்தபோது ரத்தத்தின் வெள்ளையணுக்களை வகைவகையாக எண்ண முடிந்தது. 1981இல் லாஸ் ஏஞ்சலிஸில் முதல் நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்கள் டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்களில் ஒரு வகை அரிதாகிப் போயிருப்பதைக் கவனித்தது இந்தப் புதிய திறனால்தான். வைரஸ் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழையும் வாசலே அந்த அணுவின் மேலுள்ள சிடி4 என்ற புரதம் என்பது 1984இல் தெரியவந்தது. நலமுள்ளவருக்கு ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும் இந்த எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கினால் உயிருக்கு ஆபத்தான தொற்றுகள் சூழும் என்பது நிலைபெற்றது.

ஃப்ளோ சைட்டோமீட்டர் எனப்படும் அந்தக் கருவியின் விலை பல பத்தாயிரம் டாலர். விலை மட்டும் தடையாக இருக்கவில்லை. லேசர் கதிருக்குச் சீரான மின்சாரம் வேண்டும். அறையின் வெப்பம் கட்டுக்குள் இருக்கவேண்டும். எதிர்ப்புரதக் குப்பிகளைக் குளிரில் வைக்கவேண்டும். பழுதானால் சரிசெய்யும் பொறியாளர் தலைநகரில்கூட இருக்கமாட்டார். எடுத்த ரத்தத்தை ஓரிரு நாளுக்குள் எண்ணிவிடவும் வேண்டும். மழைக்காலத்தில் சாலை அறுந்துபோகும் ஊரிலிருந்து வரும் குழாய் பயனற்றுப் போகும்.

இந்தத் தூரத்தின் பாரம் இந்தியாவில் நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே தெரிந்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரித்தார். அதைப் பரிசோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. மாதிரிகள் பனிப்பெட்டியில் ரயிலேறி காட்பாடி வழியாக வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்றன. ஆறு மாதிரிகளில் தொற்று உறுதியானது. தொற்று இருக்கிறதா என்று அறிவதற்கே அந்தப் பயணம் தேவைப்பட்டதென்றால், ஆண்டுக்கு இருமுறை ஒவ்வொருவருக்கும் அணுக்களை எண்ணுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை ஊகிக்கலாம். சுனிதி சாலமன் 1993இல் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர், மலிவான அளவு முறைகளைச் சோதித்துப் பார்த்த ஆசிய மையங்களில் முக்கியமான ஒன்றாயிற்று.

அங்கு ஆராயப்பட்டவற்றில் மிக எளியது மொத்த லிம்போசைட் எண்ணிக்கை. எந்தச் சிறு ஆய்வகமும் செய்யும் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கிடைக்கும் எண் அது. வெள்ளையணுக்களின் மொத்தத்தை லிம்போசைட் சதவீதத்தால் பெருக்கினால் போதும். சிடி4 அணுக்களும் லிம்போசைட்களே என்பதால் அவை குறையும்போது மொத்தமும் குறையும் என்பது இதன் அடிப்படை. காசநோய், நிமோனியா போன்ற பிற தொற்றுகளுக்கு முன்காப்பு மருந்து தொடங்கும் காலத்தை முடிவுசெய்ய இது உதவும் என ஒய்.ஆர்.ஜி. கேர் ஆய்வாளர்கள் 2002இல் எழுதினார்கள். சிடி4 வசதி இல்லாத இடத்தில், அறிகுறி உள்ளவருக்கு மொத்த எண்ணிக்கை 1,200க்குக் கீழே இருந்தால் கூட்டு மருந்து தொடங்கலாம் என்று அதே காலத்தில் உலகச் சுகாதார நிறுவனமும் சொன்னது. இதன் பலவீனம் உடலின் இயல்பிலேயே இருக்கிறது. எச்.ஐ.வி. சிடி4 அணுக்களை அழிக்கும்போது சிடி8 என்ற வேறு வகை பெருகி, நெடுங்காலம் மொத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். அறிகுறியே இல்லாதவரிடம் இந்த எண் ஏமாற்றிவிடும். யாரை முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டுமோ அவரையே தவறவிடும்.

நுண்ணோக்கி இருக்கும் இடங்களுக்காக வேறு வழிகள் வந்தன. நார்வே வேதியியலாளர் யோன் உகெல்ஸ்டாட் 1970களில் ஒரே அளவான நுண்மணிகளைச் செய்யும் வழியைக் கண்டிருந்தார். அவற்றுக்குக் காந்தத் தன்மை ஊட்டி, மேலே எதிர்ப்புரதம் பூசினால் குறிப்பிட்ட அணுக்களை மட்டும் ரத்தத்திலிருந்து இழுத்தெடுக்கலாம். மோனோசைட் என்ற அணுவிலும் சிடி4 புரதம் ஓரளவு இருப்பதால் முதலில் அதைத் தனி மணிகளால் நீக்குவார்கள். பிறகு சிடி4 அணுக்களைப் பிடித்து, கழுவி, உட்கருவுக்குச் சாயமேற்றி, கட்டம் கட்டமாகக் கோடிட்ட கண்ணாடி அறையில் எண்ணுவார்கள். மற்றொரு முறையில் காந்தம்கூட இல்லை. லேட்டெக்ஸ் மணிகள் மூன்றோ அதற்கு மேலோ ஒட்டியிருக்கும் அணுவைச் சிடி4 அணுவாகக் கணக்கிடுவார்கள். இத்தகைய கைமுறையை ஃப்ளோ சைட்டோமீட்டரோடு ஒப்பிட்ட முடிவுகளைச் சென்னை ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டார்கள். மெல்போர்ன் பர்னெட் நிறுவனத்தின் சுசேன் குரோவ் அதில் உடனுழைத்தார். எண்கள் போதுமான அளவு ஒத்துப்போயின. ஒத்துப்போகாதது மனித உழைப்பு. நாள் முழுக்கக் குனிந்து எண்ணும் நுட்பநர் சில நோயாளிகளின் ரத்தத்தையே முடிக்க முடியும். மாலையில் கண் களைத்தபின் எண்ணியதும் காலையில் எண்ணியதும் ஒன்றாக இராது. ஐம்பது பேர் வரும் மருத்துவமனைக்குப் பொருந்திய முறை, ஐயாயிரம் பேர் வரும்போது நின்றுவிட்டது.

பெரிய எண்ணிக்கைக்கு விடை தந்தவர் ஜோகன்னஸ்பர்கின் டெபோரா கிளென்கிராஸ். பழைய கருவியையே வைத்துக்கொண்டு செலவை எங்கே குறைக்கலாம் என்று அவர் ஆராய்ந்தார். அன்றைய நெறிமுறை ஒரு நோயாளிக்குப் பல எதிர்ப்புரதங்களைக் கோரியது. எல்லா வெள்ளையணுக்களையும் காட்டும் சிடி45, தேவையான சிடி4 ஆகிய இரண்டே போதும் என்று அவர் குழு 2002இல் காட்டியது. செலவு கணிசமாக இறங்கியதோடு, சில நாள் பழைய ரத்தத்திலும் எண் நம்பகமாகக் கிடைத்தது. தொலைவிலிருந்து வரும் மாதிரிகளுக்கு இந்த இரண்டாவது பயனே பெரிது. தென்னாப்பிரிக்கத் தேசிய ஆய்வகச் சேவை இம்முறையை ஏற்று, உலகின் மிகப் பெரிய சிடி4 பரிசோதனை வலையமைப்புகளில் ஒன்றைக் கட்டியெழுப்பியது. புதிய கருவி எதையும் வாங்காமல், வேண்டாததை நீக்கியே சாதித்த இந்த வேலைக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு.

அதே காலத்தில் மருந்தின் விலையும் சரிந்தது. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் எச்.ஐ.வி.க்கான மூன்று மருந்துக் கூட்டை எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு, ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலர் என்ற விலையில் தர முன்வந்தது. அதுவரை அதன் விலை 10,000 டாலருக்கு மேல். மருந்து நாளொன்றுக்கு ஒரு டாலருக்குக் கீழே வந்ததும் பரிசோதனைச் செலவு முன்னால் வந்து நின்றது. அளக்க வழியில்லாத ஊரில் மருந்து கொடுக்கலாமா என்ற விவாதம் எழுந்தது. கூடாது என்றவர்கள் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும் என அஞ்சினார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் காத்திருப்பதன் விலையை அது கணக்கில் சேர்க்கவில்லை.

செய்து காட்டியவர்கள் இருந்தார்கள். ஹைட்டியின் மலைப்பகுதியில் உள்ள கான்ஷ் கிராமத்தில் பால் ஃபார்மரும் தோழர்களும் 1998 முதலே ஏழை நோயாளிகளுக்குக் கூட்டு மருந்து கொடுத்துவந்தார்கள். யாருக்கு என்பதை உடலின் அறிகுறிகள் முடிவு செய்தன; மருந்து வேலை செய்கிறதா என்பதை ஏறும் எடையும் நின்றுபோன வயிற்றுப்போக்கும் சொல்லின; ஊரிலேயே தேர்ந்தெடுத்த துணையாளர் நாள்தோறும் வீட்டுக்கு வந்து மருந்து உட்கொள்வதைப் பார்த்தார். மலாவி அரசு 2004இல் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, காசநோய்த் திட்டத்தின் பதிவேட்டு முறையைப் பின்பற்றி, பெரும்பாலும் படிநிலைகளைக் கொண்டே நோயாளிகளைத் தேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியாவும் தாம்பரம் உள்ளிட்ட எட்டு மையங்களில் ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியது; இங்கு தொடக்கத்திலிருந்தே சிடி4 எண்ணிக்கைக்கு இடம் இருந்தது.

பரிசோதனை இல்லாமல் மருந்து கொடுப்பதால் எத்தனை உயிர் போகிறது என்பதை நேரடியாக அளந்தது டார்ட் ஆய்வு. உகாண்டாவிலும் ஜிம்பாப்வேயிலும் 3,316 பேர் 2003 முதல் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவின் மருத்துவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிடி4 உள்ளிட்ட முடிவுகள் கொடுக்கப்பட்டன. மறு பிரிவின் மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்தே முடிவெடுத்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் வேறுபாடு தென்படவில்லை. ஐந்தாம் ஆண்டு முடிவில் முதல் பிரிவில் 90 சதவீதமும் மறு பிரிவில் 87 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். மருந்தின் பக்கவிளைவைத் தேடும் வழக்கமான ரத்தப் பரிசோதனைகளால் தனிப் பயன் ஏதும் தெரியவில்லை. ஆய்வகம் இல்லை என்பதைக் காரணம் காட்டி மருந்தை மறுக்க முடியாது என்பதை இந்த எண்கள் உறுதிசெய்தன. அந்த மூன்று சதவீதமும் மனித உயிர்கள் என்பதால், இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு சிடி4 தேவை என்பதையும் அவை சேர்த்தே சொல்லின. ஒரு பரிசோதனையின் விலை சுமார் 3.80 டாலருக்குக் கீழே இறங்கினால் அது அந்நாடுகளுக்குக் கட்டுப்படியாகும் என்று ஆய்வோடு இணைந்த பொருளாதாரக் கணக்கு காட்டியது.

விலையைக் காட்டிலும் கொடியது காத்திருப்பு என்பது மொசாம்பிக்கில் வெளிப்பட்டது. ரத்தம் கொடுத்துவிட்டு வீடு திரும்பியவர் முடிவை அறிய மறுபடி நாற்பது கிலோமீட்டர் வரவேண்டும். வந்தால் முடிவு வந்துசேர்ந்திராது. மூன்றாம் முறை வராமலே போவார். 2010 வாக்கில் பீமா என்ற, எளிதில் எடுத்துச்செல்லக்கூடிய கருவி வந்தது. விரல் நுனியில் எடுத்த துளி ரத்தத்தை ஒரு பெட்டகத்தில் செலுத்தினால், உள்ளிருக்கும் கேமரா படம் எடுத்து இருபது நிமிடத்தில் சிடி4 எண்ணிக்கையைத் தரும், பேட்டரியில் ஓடும். மொசாம்பிக்கின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இலேஷ் ஜானி குழு இதைச் சோதித்து 2011இல் வெளியிட்டது. சிகிச்சை தொடங்கும் முன்பே தொடர்பு அறுந்துபோனவர்கள் 64 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாகக் குறைந்தார்கள். பதிவு செய்த நாளுக்கும் மருந்து தொடங்கிய நாளுக்கும் இடைப்பட்ட காலம் 48 நாளிலிருந்து 20 நாளானது. பெரிய கருவியைவிடத் துல்லியம் சற்றுக் குறைந்த ஒன்று கூடுதலானவர்களைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தது.

வைரல் லோடு பரிசோதனை ஏழை நாடுகளை எட்ட இன்னும் நீண்ட காலம் பிடித்தது. அமெரிக்காவில் 1996இல் ஒப்புதல் பெற்ற ரோஷ் நிறுவனத்தின் பரிசோதனை, வைரஸின் மரபுப் பொருளைப் பன்மடங்கு பெருக்கி அளப்பது. ரத்தநீரைச் சில மணி நேரத்துக்குள் பிரித்து உறைநிலையில் வைக்கவேண்டும். ஒரு மாதிரியின் துணுக்கு மற்றொன்றில் கலக்காதபடி தனித்தனி அறைகள் வேண்டும். முதல் பதிப்பு மேலைநாடுகளில் பரவியிருந்த பி வகை வைரஸை மனத்தில் கொண்டு செய்யப்பட்டதால், ஆப்பிரிக்காவில் உள்ள சில வகைகளைக் குறைத்துக் காட்டியது. ஸ்வீடனின் உப்சாலா நகரில் உருவான கவிதி நிறுவனத்தின் முறை இந்தச் சிக்கலைத் தவிர்த்தது. மரபுப் பொருளை விட்டுவிட்டு, எல்லா வகைக்கும் பொதுவான வைரஸ் நொதியின் செயல்பாட்டை அது அளந்தது. வேலை மிக மெதுவாக நடந்ததால் அது பரவலாகவில்லை.

மாதிரியைக் கொண்டுசெல்லும் சிக்கலுக்கு விடை பழைய ஒன்றில் கிடைத்தது. 1963இல் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தைகளின் குதிகாலில் எடுத்த ரத்தத்தைத் தாளில் உலர்த்தி அனுப்பும் முறையை அறிமுகம் செய்திருந்தார். அதே தாளில் எச்.ஐ.வி. நோயாளியின் விரல் ரத்தத்தை உலர்த்தினால் குளிர்பெட்டி வேண்டாம். சாதாரண உறையில், மோட்டார் சைக்கிளிலோ அஞ்சலிலோ தலைநகர ஆய்வகத்துக்குப் போய்ச்சேரும். முழு ரத்தம் உலர்வதால் அணுக்களுக்குள் மறைந்திருக்கும் வைரஸ் மரபுப் பொருளும் சேர்ந்து வந்து எண்ணைச் சற்று உயர்த்தும். சிகிச்சை தோற்றது என்று கொள்ளும் எல்லை 1,000 என நிர்ணயிக்கப்பட்டதில் இதற்கும் பங்குண்டு. கேம்பிரிட்ஜின் ஹெலன் லீ உருவாக்கிய சாம்பா கருவி அந்த எல்லையையே மையமாகக் கொண்டது. வைரஸ் எவ்வளவு என்று சொல்லாமல், 1,000க்கு மேலா கீழா என்பதை மட்டும் கோடுகளால் காட்டும். மலாவியின் சிராட்சுலுவிலும் உகாண்டாவின் அருவாவிலும் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு அதைப் பயன்படுத்தியது. மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க நிற்கும் மருத்துவருக்கு அதற்கு மேல் தேவையில்லை.

2013இல் உலகச் சுகாதார நிறுவனம் சிகிச்சையைக் கண்காணிக்க வைரல் லோடே சிறந்தது என்று அறிவித்தது. மறு ஆண்டு செப்டம்பரில், ஏழை நாடுகளுக்கு ஒரு பரிசோதனையின் விலை உச்சவரம்பு 9.40 டாலர் என்று ரோஷ் ஒப்புக்கொண்டது. காசநோய்க்காக மாவட்ட மருத்துவமனைகளில் வைத்திருந்த ஜீன் எக்ஸ்பர்ட் கருவிகளிலும் வைரல் லோடு பெட்டகங்கள் பொருந்தின. இந்தியாவில் 2018 முதல் மருந்து உட்கொள்ளும் அனைவருக்கும் இந்தப் பரிசோதனை விரிவாக்கப்பட்டது.

சிடி4 எண்ணிக்கையோ பின்வாங்கியது. மருந்து தொடங்கும் எல்லை 200லிருந்து 2010இல் 350ஆகவும் 2013இல் 500ஆகவும் உயர்ந்தது. கருவுற்ற பெண்களுக்கு எண்ணிக்கைக்காகக் காத்திராமல் வாழ்நாள் முழுவதும் மருந்து தரும் திட்டத்தை மலாவி 2011இலேயே தொடங்கியிருந்தது. எண்ண வசதி இல்லாத நாடு எடுத்த அந்த முடிவை உலகம் பின்தொடர்ந்தது. 2015இல் எல்லை முற்றாக நீக்கப்பட்டு, தொற்று உறுதியான அனைவருக்கும் மருந்து என்றானது. நிதி தருவோர் சிடி4 கருவிகளுக்கான பணத்தைக் குறைத்தார்கள். இது அவசர முடிவு. அனைவருக்கும் மருந்து என்று அறிவித்தபின்னும் பலர் நோய் முற்றியே வந்தார்கள். மருந்தை இடையில் நிறுத்தியவர்கள் மெலிந்து திரும்பினார்கள். கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலும் காசநோயும் அவர்களையே கொன்றன. நலமாகத் தோன்றும் ஒருவரின் எண்ணிக்கை 200க்குக் கீழே இருப்பதை வைரல் லோடு காட்டாது. 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் முற்றிய நிலைக்கெனத் தனி வழிகாட்டுதலை வெளியிட்டு, சிடி4 எண்ணிக்கைக்குத் திரும்ப இடம் கொடுத்தது.

அப்போது தேவைப்பட்டதைப் பர்னெட் நிறுவனம் பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தது. விசிடெக்ட் என்ற அந்தச் சிடி4 பரிசோதனைப் பட்டைக்குக் கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். விரலில் எடுத்த ரத்தத்தைச் சொட்டி, கரைசல் சேர்த்து, 40 நிமிடம் காத்திருந்து, இரண்டு கோடுகளை ஒப்பிட வேண்டும். சோதனைக் கோடு ஒப்பீட்டுக் கோட்டை விட அழுத்தமாக இருந்தால் எண்ணிக்கை 200க்கு மேல்; மங்கலாகவோ சமமாகவோ இருந்தால் கீழே. 2020இல் இதற்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி கிடைத்தது. கோடுகளைக் கண்ணால் ஒப்பிடுவதால் இருவர் இருவிதமாகப் படிக்க வாய்ப்புண்டு. நேரத்தைத் தவறவிட்டாலும் முடிவு பிழையாகும். கீழே என்று வந்தால் அதே இருக்கையில் கிரிப்டோகாக்கஸுக்கான ரத்தப் பட்டையையும் காசநோய்க்கான சிறுநீர்ப் பட்டையையும் பார்த்து அன்றே மருந்து தொடங்கலாம். குழந்தைகளின் எண்ணிக்கை வயதுக்கேற்ப மாறுவதால் ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கு இந்தப் பட்டை பொருந்தாது. சிகிச்சைக்குப் புதிதாக வரும் அந்த வயதினரை, எண்ணிப் பார்க்காமலே, முற்றிய நிலையில் உள்ளவர்களாகக் கொள்ளவேண்டும் என்று வழிகாட்டுதல் சொல்கிறது.